தங்க முலாம் பூசிய சீன வெண்கல ஜாடி: முதல்முறை ஏலம் கேட்பவருக்கு ஒரு வழிகாட்டி

சீனக் கலைப்பொருள் ஏலங்களுக்குப் பருவம் உண்டு. நியூயார்க்கில் மார்ச்சும் செப்டம்பரும், லண்டனில் நவம்பர் தொடக்கம், ஹாங்காங்கில் வசந்தமும் இலையுதிர்காலமும். அந்த வாரங்களில் கேட்டலாக்கைத் திறந்தால் பீங்கானுக்கும் ஜேடுக்கும் நடுவே பொன்னிறத்தில் மின்னும் வெண்கல ஜாடிகள் வரிசையாக வரும். அதே பருவத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ் சிற்றூர்களின் ஏலக்கூடங்களிலும் அவை தலைகாட்டும். சில நூறு பவுண்டுக்குப் போவதும் உண்டு, லட்சக்கணக்கில் போவதும் உண்டு. புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். புதிதாக வருபவர் தடுமாறுவது அங்கேதான்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. ஜாடியை எடுத்தவுடன் எல்லோரும் அதைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையைப் பார்க்கிறார்கள். முத்திரையைக் கடைசியில் பாருங்கள். முதலில் தங்கத்தைப் பாருங்கள்: அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, போன இடத்தில் எப்படிப் போயிருக்கிறது என்று. முத்திரையை யாரும் வெட்டிவிடலாம். இருநூறு ஆண்டுத் தேய்மானத்தை நம்பும்படி செய்து காட்டுவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

படி 1: விற்பது எதை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் "கில்ட் பிரான்ஸ்" (முலாம் பூசிய வெண்கலம்), "சைனீஸ்" (சீன), "வாஸ்" (ஜாடி) என்ற சொற்களைப் போட்டுத் தேடினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் கலந்து வரும்.

முழு உடலும் தங்க முலாம் பூசிய வார்ப்பு ஜாடி ஒரு வகை. கோயில் பலிபீடத்துக்கான ஐந்து பொருள் தொகுதியில் நடுவே தூபக்கலம், இருபுறமும் மெழுகுவர்த்தித் தாங்கிகள், ஓரங்களில் இரண்டு ஜாடிகள் இருக்கும். அந்த ஜாடிகள் பெரும்பாலும் பண்டைய "கூ" வடிவத்தில், வாய் அகன்று இடை ஒடுங்கி நிற்கும். தொகுதி சிதறி, ஜாடி மட்டும் தனியாக ஏலத்துக்கு வருவது வழக்கம்.

இரண்டாவது வகையில் தங்கம் பகுதியளவே இருக்கும். கருத்த பின்புலத்தில் தாமரைக் கொடியோ, அலைமேல் பாயும் கடல்விலங்குகளோ மட்டும் பொன்னாகத் தெரியும். மிங் வம்சத்தின் (1368–1644) கடைசிக் காலத்தில், இன்றைய ஷாங்காய்க்கு அருகிலுள்ள சோங்ஜியாங்கில் வேலை செய்த ஹூ வென்மிங் இந்தப் பாணிக்குப் பேர்போனவர். அவர் பெயர் பொறித்த பொருள்களில் அவர் கைபடாதவை ஏராளம்.

மூன்றாவது, தங்கத் தெறிப்பு ஜாடி. பழுப்பு உடலில் ஒழுங்கற்ற பொன் திட்டுகள் சிதறிக் கிடக்கும். சிங் வம்சக் காலத்தில் (1644–1911) இதற்குப் பெரிய மோகம் இருந்தது. நான்காவது குளோய்சனே. செம்பு அல்லது வெண்கல உடலில் மெல்லிய கம்பிகளால் கட்டம் கட்டி, எனாமல் நிரப்பிச் சுட்டு, கம்பிக்கும் விளிம்புக்கும் முலாம் பூசுவார்கள். இதைத் தனித் துறையாகவே படிக்க வேண்டும்.

ஐந்தாவதில்தான் ஏமாற்றம் அதிகம். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆடம்பரப் பொருள் வணிகர்கள் சீனப் பீங்கான் ஜாடிகளை வாங்கி, அவற்றுக்குப் பிரெஞ்சுப் பட்டறைகளில் முலாம் பூசிய வெண்கலக் காலும் கைப்பிடியும் விளிம்பும் பூட்டி விற்றார்கள். கேட்டலாக்கில் "கில்ட் பிரான்ஸ் மவுன்டட்" (முலாம் வெண்கலம் பூட்டியது) என்று வரும். அங்கே ஜாடி சீனம், வெண்கலம் பிரெஞ்சு. அந்த "மவுன்டட்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் வேறு பொருளுக்கு விலை கேட்டுவிடுவீர்கள். அத்தகைய வெண்கலத்தில் கிரீடம் சூட்டிய "சி" எழுத்து இருந்தால், 1745 முதல் 1749 வரை பிரான்சில் செம்புக் கலவைகளுக்கு விதித்த வரியின் முத்திரை அது. 19-ஆம் நூற்றாண்டில் இதே பாணியில் நிறைய நகல்கள் செய்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹான் வம்சத்தை (கி.மு. 206 – கி.பி. 220) போன்ற மிகப் பழைய காலத்து முலாம் ஜாடிகளும் உண்டு. 1968-இல் ஹெபெய் மாகாணத்தின் மான்செங் கல்லறைகளில் கிடைத்த முலாம் பூசிய வெண்கலங்களின் அழகு மூச்சடைக்க வைக்கும். ஆனால் மண்ணிலிருந்து தோண்டிய பொருள் புதியவருக்கு வேண்டாம். அதன் காரணத்தைப் படி 5-இல் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சிறிய பொருள். தூபம் போடும் மேசையில் மூன்று பொருள்கள் ஒன்றாக இருக்கும்: தூபக்கலம், வாசனைப்பொருள் வைக்கும் சிமிழ், சாம்பலைக் கிளறும் குச்சிகளையும் சிறு கரண்டியையும் நிறுத்திவைக்கும் ஒரு ஒல்லி ஜாடி. தூபக்கலத்துக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். தனித்துப் போன அந்தச் சிறு ஜாடியை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. வேலைப்பாடு மட்டும் அதே பட்டறைத் தரம்தான். உள்ளங்கையில் அடங்கும், அனுப்பும் செலவும் குறைவு. கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பொருள் இல்லை.

படி 2: தங்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

நெருப்பு முலாம் எனப்படும் பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, குழம்பாகக் கிடைக்கும் கலவையைச் சுத்தம் செய்த உலோகப் பரப்பில் தடவுவார்கள். பிறகு கரி நெருப்பில் சூடேற்றுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அது ஆவியாகிப் போக, தங்கம் உலோகத்தோடு பிணைந்து நிற்கும். அந்த நிலையில் பரப்பு மங்கலாக, பொரிப்பொரியாக இருக்கும். வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால்தான் பொன்னின் ஒளி வரும். தேவைப்பட்டால் மறுபடி தடவி மறுபடி சுடுவார்கள். சீனாவில் இம்முறை கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கத்தில் இருந்தது. ஆவியாகும் பாதரசம் நஞ்சு. அந்த ஜாடிகளைச் செய்தவர்கள் தங்கள் உடலைக் கொடுத்துத்தான் அந்த ஒளியை வாங்கினார்கள். அதை நினைக்காமல் என்னால் ஒரு முலாம் ஜாடியைப் பார்க்க முடிவதில்லை.

மின்சாரத்தால் முலாம் ஏற்றுவது 1840-களில் இங்கிலாந்தில் தொழிலாக வளர்ந்தது. ஆகவே 18-ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் ஜாடியில் மின்முலாம் தெரிந்தால், ஜாடியே பின்னாளையதாக இருக்க வேண்டும், அல்லது பழைய ஜாடிக்குப் பின்னாளில் தங்கம் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டிலும் விலை விழும்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். நெருப்பு முலாமில் பரப்பு முழுக்க ஒரே சீராக இருக்காது. தூரிகை போன திசையில் மெல்லிய கோடுகள், ஆவி வெளியேறியபோது உண்டான ஊசிமுனைக் குழிகள், சில இடத்தில் தடிப்பு, சில இடத்தில் மெலிவு. மின்முலாம் கண்ணுக்குப் பரப்பு முழுக்க ஒரே சீராக, ஒரே நிறத்தில் படிந்ததாகத் தெரியும். கை எட்டாத உள்பக்கத்திலும், கைப்பிடியின் அடியிலும், அடித்தட்டின் இடுக்கிலும் அதே பளபளப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய தொழிலாளி விலையுயர்ந்த தங்கத்தை யாரும் பார்க்காத இடத்தில் வீணாக்க மாட்டார். வாய் விளிம்புக்கு உள்ளே சிறிது தூரம் வரை பூசிவிட்டு நிறுத்திவிடுவார். அந்த எல்லைக்கோடு நேராக இருக்காது, அலைபாயும்.

அடுத்து தேய்மானம். வீட்டில் நெடுநாள் போட்ட கவரிங் வளையலைப் பார்த்திருப்பீர்கள். தோலிலும் மேசையிலும் உரசிய இடம்தான் முதலில் வெளுக்கும், பூவேலையின் பள்ளத்தில் பொன் அப்படியே இருக்கும். ஜாடியும் அப்படித்தான். கை பிடிக்கும் இடை, புடைத்த இதழின் நுனி, கால் விளிம்பு, கைப்பிடியின் வெளிவளைவு ஆகிய இடங்களில் தங்கம் கரைந்து அடியிலுள்ள உலோகம் தெரிய வேண்டும். தங்கத்திலிருந்து உலோகத்துக்கு மாறும் எல்லை மெல்ல மங்கிக்கொண்டே போக வேண்டும். வெட்டியதுபோல் கூர்மையாக முடிந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பள்ளத்தில் தேய்ந்து மேட்டில் தங்கம் நிற்கும் ஜாடியைக் கண்டால் வைத்துவிட்டு நகருங்கள்.

தங்கம் போன இடத்தில் தெரியும் நிறமும் பேசும். செம்பின் சிவப்பு, வெண்கலத்தின் பழுப்பு, பித்தளையின் மஞ்சள் மூன்றும் சரி. மிங் கால நடுவிலிருந்து சீனாவில் துத்தநாகம் கலந்த கலவை பரவலாகப் புழங்கியது. நாணயங்களே 16-ஆம் நூற்றாண்டில் பித்தளைக்கு மாறின. அதனால் கேட்டலாக் "பிரான்ஸ்" (வெண்கலம்) என்று சொல்லும் ஜாடி கண்ணுக்குப் பித்தளையாகத் தெரிவதில் தவறில்லை. ஆனால் கீறலுக்குள் சாம்பல் வெள்ளை தெரிந்து, ஜாடியும் எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தால், அது மலிவான துத்தநாக வார்ப்பு.

மறுமுலாமையும் கண்டுபிடிக்கலாம். பழைய கீறலின் உள்ளே, அரித்த குழியின் உள்ளே, நசுங்கிய பள்ளத்தின் உள்ளே தங்கம் ஓடியிருந்தால், காயம் பட்ட பிறகு பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

தங்கத் தெறிப்பு ஜாடியில் பார்க்க வேண்டியது திட்டின் ஓரம். உண்மையான திட்டு உடலோடு ஒட்டிக் கலந்து, ஒவ்வொன்றும் வேறு வடிவில் இருக்கும். ஒரே அளவு வட்டங்களாக, விரலுக்குத் தட்டுப்படும்படி மேலே நின்றால் அது பின்னாளில் ஒட்டவைத்த வேலை.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை முலாமில் பாதரசம் இருக்கிறதா என்று சொல்லிவிடும். விலை பெரிதென்றால் செய்யத் தகுந்ததுதான். ஆனால் பாதரசம் இருப்பது முறையைத்தான் காட்டும், வயதைக் காட்டாது. நேபாளத்தின் பாட்டன் நகரில் இன்றும் இம்முறையில் முலாம் பூசுகிறார்கள்.

படி 3: வார்ப்பும் உளி வேலையும்

நல்ல சிங் கால ஜாடியில் பூவேலைக்கு நடுவே உள்ள வெற்றுப் பரப்பைக் கவனியுங்கள். பல ஜாடிகளில் அது மிகச் சிறிய வட்டங்களால் நிரம்பியிருக்கும். மீன்முட்டைகளை நெருக்கிப் பரப்பியதுபோல் இருப்பதால் சீனத்திலும் அதையொட்டிய பெயர்தான். ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாக வட்ட முனை உளியை வைத்துச் சுத்தியால் தட்டியது. லென்ஸில் பார்த்தால் ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒன்று பக்கத்து வட்டத்தின் மேல் ஏறியிருக்கும். இதழின் ஓரத்துக்கு வரும்போது வட்டம் பாதியாக வெட்டுப்படும். பழைய ஜாடியிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் இதெல்லாம் மழுங்கி, வட்டங்கள் வெறும் புள்ளிகளாகிவிடும். கோடுகளின் ஓரம் உருண்டுவிடும். இந்த ஒரு சதுர அங்குலத்தை நன்றாகப் பார்த்துப் பழகியவரை ஏமாற்றுவது கடினம்.

அடித்தட்டு தனியாக வார்த்துப் பொருத்தப்பட்டிருக்கலாம். அது தொலைந்து புதிதாகப் போட்டிருக்கிறார்களா என்று உலோக நிறத்தை ஒப்பிடுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் வெள்ளை ஈயப்பற்று தெரிந்தால் ஒருமுறை உடைந்திருக்கிறது. முக்கியமாக, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கத்திய வீடுகளில் சீன ஜாடிகளைத் துளைத்து மேசைவிளக்காக மாற்றும் வழக்கம் பெரிதாக இருந்தது. துளையை அடைத்துத் தங்கநிறம் பூசியிருப்பார்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அடைப்பு தெரிந்துவிடும்.

இணையாக விற்கும் ஜாடிகளில் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவையா என்று பாருங்கள். எடை சிறிது வேறுபடுவது இயல்பு. பூவேலையின் கையெழுத்தே வேறு என்றால், எங்கெங்கோ கிடைத்த இரண்டை ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

ஜப்பானின் மெய்ஜி காலத்து (1868–1912) வெண்கல ஜாடிகள் சீனப் பெயரில் ஏலத்துக்கு வருவதும் சகஜம். அவற்றின் தரம் உயர்ந்தது, ஆனால் சந்தையும் விலையும் வேறு.

படி 4: இப்போது கவிழ்த்துப் பாருங்கள்

வெண்கலத்தில் அதிகம் காணும் முத்திரை மிங் பேரரசர் சுவான்டேயின் பெயர். அவர் ஆண்டது 1426 முதல் 1435 வரை. அவர் காலத்து வெண்கல வார்ப்புகளின் புகழ் பிற்கால நூல்களால் பெருகிப் பெருகி, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு வரை வார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைப் போட்டார்கள். இதை முழுக்க மோசடி என்று சொல்ல முடியாது. முன்னோரின் தரத்துக்கு மரியாதை செய்வது அதில் ஒரு பங்கு. ஆனால் நீங்கள் விலை கேட்கும்போது சுவான்டே முத்திரை காலத்தைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிங் பேரரசர் சியான்லொங்கின் (ஆட்சி 1736–1795) முத்திரைக்கும் கிட்டத்தட்ட இதே எச்சரிக்கைதான். அரண்மனைத் தரமென்றால் முத்திரையின் எழுத்துகள் ஒழுங்காக, சம இடைவெளியில், உறுதியான கோட்டில் நிற்கும்.

ஏல நிறுவனத்தின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். "சியான்லொங் மார்க் அண்ட் பீரியட்" என்றால் முத்திரையும் காலமும் அதுவே என்று நிறுவனம் தன் பெயரை வைத்துச் சொல்கிறது. "சியான்லொங் மார்க்" என்று மட்டும் இருந்தால் முத்திரை இருக்கிறது, காலத்துக்குப் பொறுப்பில்லை. "சிங் டைனஸ்டி" என்று நின்றுவிட்டால் 1644-க்கும் 1911-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், பெரும்பாலும் கடைசிப் பகுதி. "ஸ்டைல்" என்ற சொல் வந்தால் பாணி மட்டும்தான். ஒவ்வொரு கேட்டலாக்கின் பின்பக்கத்திலும் இந்தச் சொற்களுக்கு விளக்கம் இருக்கும். பெரிய நிறுவனங்கள் தலைப்பில் சொன்னதற்குத்தான் ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. கீழே நீளமாக எழுதியிருக்கும் கட்டுரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சிறிய ஏலக்கூடங்களில் உத்தரவாதக் காலம் சில வாரமாகவே இருக்கலாம்.

மதிப்பீட்டு விலையையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். 2022 அக்டோபரில் பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோவில் ஒரு சீனப் பீங்கான் ஜாடிக்கு 1,500 முதல் 2,000 யூரோ என்று மதிப்பிட்டார்கள். நிபுணர் அதை 20-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்றார். ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்தது 77 லட்சம் யூரோவில். யார் சரி என்பதைவிட, மதிப்பீடு என்பது ஒருவருடைய கருத்து என்பதுதான் நமக்குப் பாடம்.

படி 5: கடிதம் எழுதுங்கள், வரலாறு கேளுங்கள்

நேரில் பார்க்க முடிந்தால் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள்களில் போங்கள். அனுமதி இலவசம். ஊழியரிடம் கேட்டால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கையில் தருவார்கள். கையுறை போட்டு, உடலை இரு கையாலும் தாங்கித் தூக்குங்கள். கைப்பிடியையோ வாயையோ பிடித்துத் தூக்காதீர்கள்.

போக முடியாவிட்டால் நிலை அறிக்கை கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். காசு கேட்க மாட்டார்கள். "நிலை எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கிராமில் எடை எவ்வளவு? அடித்தட்டு ஜாடியோடு பிறந்ததுதானா? துளை, அடைப்பு, பற்றவைப்பு உண்டா? மறுமுலாம் என்று கருத இடமிருக்கிறதா? வாயின் உட்புறம், காலின் அடிப்பகுதி, கைப்பிடி சேருமிடம், பக்கவாட்டு வெளிச்சத்தில் உடல் ஆகிய நான்கு படங்கள் வேண்டும். நல்ல நிறுவனம் ஒன்றிரண்டு நாளில் அனுப்பிவிடும். திரும்பத் திரும்பக் கேட்டும் அடிப்பகுதிப் படம் வராத ஜாடிக்கு நான் கை தூக்க மாட்டேன்.

அதே கடிதத்தில் பொருள் கைமாறிய வரலாற்றையும் கேளுங்கள். "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்ற வரி எதையும் சொல்லவில்லை. எந்த ஆண்டு, எங்கே வாங்கியது, ரசீதோ பழைய படமோ முந்தைய ஏலத்தின் லாட் எண்ணோ (ஏலப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தரும் எண்) உண்டா? கலைப்பொருள் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே சீனாவுக்கு வெளியே இருந்ததற்குச் சான்று இருந்தால் பொருளின் மதிப்பும் உங்கள் நிம்மதியும் கூடும். 2009-இல் அமெரிக்கா சீனாவோடு செய்த ஒப்பந்தப்படி, தாங் வம்சத்தின் முடிவு (கி.பி. 907) வரையிலான தொல்லியல் பொருள்களை அங்கே இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. ஹான் கால முலாம் ஜாடி வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். கல்லறைக் கொள்ளையர்களுக்குச் சந்தையாக நாம் இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடின. அங்கிருந்து போன பொருள்கள் இன்றும் சந்தையில் வருகின்றன. 2018-இல் இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் கேன்டர்பரியில் "புலி யிங்" எனப்படும் பண்டைய வெண்கலக் கலம், சீனாவின் எதிர்ப்பையும் மீறி, 4,10,000 பவுண்டுக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைச் சீன தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். "கோடை அரண்மனை" என்று விற்பவர் பெருமையாக எழுதியிருந்தால், அந்தச் சொல் விலையை ஏற்றும். அது கொள்ளைப்பொருள் என்ற ஒப்புதலும் அதிலேயே இருக்கிறது. தெரிந்தே அதை வாங்குவது சரியா என்று முடிவெடுத்த பிறகு கை தூக்குங்கள்.

சீனப் பெருநிலத்தில் நடக்கும் ஏலத்தில் வாங்கினால், 1911-க்கு முந்தைய பொருளை நாட்டுக்கு வெளியே எடுத்துவரப் பொதுவாக அனுமதி கிடைக்காது. இந்தியாவுக்குக் கொண்டுவருபவர்களும் கவனியுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியவை. பிறகு வெளிநாட்டில் விற்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

படி 6: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

சுத்தியல் விலை, அதாவது சுத்தியல் தட்டி ஏலத்தை முடிக்கும் விலை, நீங்கள் கட்டும் விலை அல்ல. 2010-இல் லண்டன் புறநகரான ரைஸ்லிப்பில் ஒரு சியான்லொங் பீங்கான் ஜாடிக்கு 4.3 கோடி பவுண்டில் சுத்தியல் விழுந்தது. கமிஷன் சேர்ந்ததும் 5.16 கோடி ஆனது. வாங்கியவர் பணம் கட்டவே இல்லை.

நம் அளவில் ஒரு கணக்கு. இங்கிலாந்தில் சுத்தியல் விலை 2,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 26 சதவீதம் என்றால் 520. கமிஷன்மேல் 20 சதவீத வரி 104. வேறொரு இணையதளம் வழியாக ஏலம் கேட்டால் அதற்கு 5 சதவீதம் என்று 100, அதன்மேல் வரி 20. இதுவரை 2,744. கட்டி அனுப்ப 300 ஆனால் 3,044. உங்கள் நாட்டுச் சுங்கம் இன்னும் வரவில்லை. ஆக சுத்தியல் விலையைவிடப் பாதிக்கு மேல் கூடுகிறது. ஹாங்காங்கில் விற்பனை வரி இல்லை என்பதால் இந்தக் கணக்கு மாறும். லாட் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ சிறு குறியோ இருந்தால் இறக்குமதி வரி போன்ற கூடுதல் செலவு உண்டு. குறியின் பொருளைக் கேட்டலாக்கில் பார்த்துவிடுங்கள்.

கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறதோ அதிலிருந்து இவற்றைக் கழித்து, சுத்தியல் விலைக்கான எல்லையைத் தாளில் எழுதுங்கள்.

படி 7: ஏல நாள்

பதிவை இரண்டு மூன்று நாள் முன்பே முடியுங்கள். அடையாளச் சான்று கேட்பார்கள். சீனப் பொருள் ஏலங்களில் முன்பணம் கேட்பதும் உண்டு, பணம் கட்டாமல் ஓடியவர்களால் வந்த வழக்கம் அது.

புதியவருக்கு எழுத்துவழி ஏலமே நல்லது. உங்கள் உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுவனம் உங்களுக்காகக் கேட்கும். போட்டி குறைவாக இருந்தால் குறைந்த விலைக்கே கிடைக்கும். நேரலையில் கேட்பதாக இருந்தால், முந்தைய ஐம்பது லாட்டுகள் போகும் வேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். விற்பவரின் குறைந்தபட்ச விலை வரும்வரை ஏலம் நடத்துபவர் விற்பவர் சார்பில் தானே விலையை ஏற்றலாம், விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆகவே எதிரில் ஆள் இருக்கிறார் என்று நினைத்துச் சூடேறாதீர்கள். எல்லை வந்ததும் திரையை மூடிவிடுங்கள்.

விலைபோகாத லாட்டுகளை மறுநாள் பாருங்கள். உங்கள் ஜாடி அதில் இருந்தால் நிறுவனத்துக்கு எழுதி ஒரு விலை சொல்லலாம். குறைந்தபட்ச விலைக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ பேசி முடிப்பது நடக்கிற காரியம்தான். பலருக்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அனுப்பும் முன்பே மரப்பீடம் பற்றிக் கேளுங்கள். சீன ஜாடிகள் பலவற்றோடு செதுக்கிய பீடம் வரும். அதில் மிக உயர்வாகக் கருதப்படும் "சிதான்" மரம் பெரும்பாலும் ஆந்திர மலைகளின் செம்மரம்தான். அந்தக் காலத்தில் கப்பலேறிச் சீன அரண்மனைத் தச்சர்களின் கைக்குப் போனது. இன்று செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தந்தக் குமிழ் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. தாள்கள் சரியாக இல்லையென்றால் பீடத்தை விட்டுவிட்டு ஜாடியை மட்டும் வரவழையுங்கள்.

முலாமின் மேல் குமிழிப் பிளாஸ்டிக் நேரடியாகப் படக் கூடாது. அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றிப் பிறகு மற்றதைச் சுற்றச் சொல்லுங்கள்.

நம் வீட்டில் வெண்கலம் என்றாலே புளியும் விபூதியும் நினைவுக்கு வரும். இதைத் தொடவே கூடாது. புளியின் அமிலம் தங்கத்தின் இடுக்குகள் வழியே அடி உலோகத்தை அரிக்கும், தேய்ப்பு எஞ்சிய முலாமை எடுத்துவிடும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் அப்படியே. இருநூறு ஆண்டு தாங்கிய தங்கம் ஒரு மாலையில் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், போதும். தண்ணீர் ஊற்றிப் பூ வைக்காதீர்கள்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை லென்ஸை எடுங்கள். பழைய, கெட்டியான பச்சைக் களிம்பு பயப்பட வேண்டியதில்லை. வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிர்ந்தால், உப்பு உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்கிறது. ஜாடியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்கு உடனே மாற்றி, ஓர் அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

ரசீது, கேட்டலாக் பக்கம், நிலை அறிக்கை, வந்த அன்று எடுத்த படங்கள், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். லாட் எண் ஒட்டிய சிறு தாள் அடியில் இருந்தால் உரிக்காதீர்கள். அடுத்து அந்த ஜாடியைக் கையில் எடுப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.